ஐந்து மலைத் திட்டம்

எண்பதுகளின் நடுவில் ஏற்காட்டில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் புவியியல் ஆசிரியையாக இருந்தேன். மலையைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று அப்போது உண்மையாகவே நம்பினேன். சம உயரக் கோடுகள் நெருங்கி இருந்தால் செங்குத்துச் சரிவு, விலகி இருந்தால் மெல்லிய சரிவு என்று கரும்பலகையில் வரைந்து காட்டுவேன். வரைந்து முடித்ததும் நாற்காலியில் உட்கார்ந்துகொள்வேன். கல்யாணமாகிச் சேலத்திலிருந்து மேலே வந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. அதற்குள் என் சொந்தக் காலால் நான் ஏறிய பெரிய உயரம், கடைவீதியிலிருந்து எங்கள் வீட்டுக்குப் போகும் மேடுதான். அதிலும் பாதி வழியில் தபால் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, யாருக்கோ கடிதம் போட வந்தவள் மாதிரி மூச்சு வாங்கிக்கொள்வேன்.

இப்படிப்பட்டவள் ஒரே நாளில் ஐந்து மலை ஏறத் திட்டம் போட்டதற்கு ஐப்பசி மழைதான் காரணம். எங்கள் வீட்டை ஒட்டியிருந்த எஸ்டேட்டில், கூலியாட்களுக்கு ஆஜர் எழுதும் ரைட்டர் ஒருவர் குடியிருந்தார். அவருடைய மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். பிள்ளைகள் இருவரையும் ஹாஸ்டலுக்கு அனுப்பிவிட்டு, பெரிய வீட்டையும் தையல் மெஷினையும் வைத்துக்கொண்டு பகலெல்லாம் தனியாக இருந்தார். சர்ச்சில் அவருக்குப் பழக்கமான ஒரு நர்ஸ் எங்களுக்கு மூன்றாவது ஆள். ஆத்தூர்க்காரி, அதிகம் பேசமாட்டாள், சிரிப்பது அதைவிடக் குறைவு. எல்லோரையும் போல நானும் அவளை சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூவரும் அக்கா வீட்டில் கூடி, வாழைக்காய் பஜ்ஜி தின்றுகொண்டு ஊர் வம்பு பேசுவோம்.

அப்படி ஒரு நாள் மழை விட்டு, ஜன்னலுக்கு வெளியே மேகம் விலகி, மலை தெரிந்தது. அக்கா கரண்டியோடு வந்து நின்று பார்த்தார்.

"இத்தன வருசமா பாக்கறேன். அதுக்கு மேல என்னதான் கண்ணு இருக்கும்?"

"மேலே பீடபூமி மாதிரி சமதரையா இருக்குங்க்கா. பாக்சைட் மண்ணு. புல்லுதான் இருக்கும், மரம் கம்மி" என்றேன் நான்.

"நீ போய்ப் பாத்திருக்கியா?"

"இல்லீங்க்கா. புஸ்தகத்துல இருக்கு."

சிஸ்டர் பஜ்ஜியை எண்ணெய் போகக் காகிதத்தில் ஒற்றியபடியே, "போய்ப் பாத்தா என்னங்க?" என்றாள்.

நான் சரி என்று சொல்லி அத்தோடு விட்டிருக்கலாம். புத்தகத்தில் இருக்கிறது என்று சொன்ன மானக்கேட்டை உடனே துடைத்துவிட வேண்டும் போல இருந்தது. "போறதுன்னா ஒரு மலைக்கு எதுக்கு? அஞ்சு மலையா ஒரே நாள்ல ஏறிடலாம்" என்றேன். ஏன் ஐந்து என்று கேட்டால் இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. கையை விரித்துக்கொண்டு பேசியதால் வாயில் ஐந்து வந்திருக்கலாம். அக்காவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு பின்வாங்க வழியில்லை.

திட்டம் போடுவதில் நான் சோடையில்லை. எந்தெந்த மலை என்று முதலில் முடிவு செய்தோம். எங்கள் ஆசிரியர் அறை ஜன்னலிலிருந்து ஒரு மலை தெரியும். உச்சியில் ஒற்றையாக ஒரு பெரிய பாறை நிற்கும். அதற்கு ஒற்றைப்பாறை என்று நானே பெயர் வைத்தேன். சிஸ்டரின் குவார்ட்டர்ஸ் வாசலிலிருந்து இன்னொன்று தெரிந்தது. அது முதுகு வளைந்து இரண்டு மேடாக இருக்கும். அவள் அதற்குக் கழுதைமுதுகு என்று பெயர் வைத்தாள். மூன்றாவது, எல்லாவற்றிலும் உயரமான சேர்வராயன் மலை. திருவிழாவுக்கு ஒருமுறை ஜீப்பில் அங்கே போயிருக்கிறேன். ஆகவே அது எனக்கு ஏறிப் பழக்கப்பட்ட மலை என்று சொல்லிக்கொண்டேன். நாலாவதும் ஐந்தாவதும் மாரமங்கலம் பஸ்ஸில் போகும்போது தூரத்தில் பார்த்தவை. அவற்றைப் பற்றி யாருக்கும் ஒன்றும் தெரியாததால், அவை சுலபம் என்று வைத்துக்கொண்டோம்.

வரைபடம் என் பொறுப்பு. பள்ளி அட்லஸில் சேர்வராயன் மலைத்தொடர் மொத்தமும் ஒரு எள் அளவு இருந்தது. அந்த எள்ளை நான் ஒரு சார்ட் பேப்பர் அளவுக்குப் பெரிதாக்கினேன். ஐந்து சிகரங்கள், ஒவ்வொன்றைச் சுற்றியும் பழுப்பு நிறத்தில் சம உயரக் கோடுகள், ஓரத்தில் வடக்கு காட்டும் அம்புக்குறி. கோடுகளை எந்த அளவை வைத்துப் போட்டேன் என்று யாராவது கேட்டிருந்தால் மாட்டியிருப்பேன். யாரும் கேட்கவில்லை. சுவரில் ஒட்டியதும் அக்கா அதை நெடுநேரம் பார்த்துவிட்டு, "அச்சுல அடிச்சாப்ல இருக்குது கண்ணு" என்றார்.

சண்டை வந்தது ஒற்றைப்பாறைக்கும் கழுதைமுதுகுக்கும்தான். ஒற்றைப்பாறைதான் உயரம், களைப்பில்லாமல் இருக்கும்போதே அதை முதலில் ஏற வேண்டும் என்பது என் கட்சி. கழுதைமுதுகுதான் உயரம் என்று சிஸ்டர் அடம்பிடித்தாள். வாரா வாரம் இது நடந்தது. "உங்க மலையில ஒரு கல்லு இருக்குங்க, அவ்வளவுதான்" என்று அவள் ஒரு நாள் சொன்னபோது எனக்கு உண்மையிலேயே கோபம் வந்து, டீயைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன். கடைசியில் அக்கா சமரசம் செய்து, முதலில் ஒற்றைப்பாறை, இறங்கி உடனே கழுதைமுதுகு என்று தீர்ப்பானது.

பயிற்சியும் உண்டு. தினமும் சாயங்காலம் ஏரியைச் சுற்றி நடந்தோம். மலை ஏறுவதற்கு ஏரிக்கரையில் பழகுவது எந்த ஊர் நியாயம் என்று புவியியல் படித்த எனக்குத் தோன்றவே இல்லை. வீட்டுக்கு வந்ததும் வெந்நீர் ஒத்தடம் கேட்பேன். வங்கியில் வேலை பார்த்த என் கணவர் அடுப்பில் தண்ணீர் வைத்தபடி, "ஏரியச் சுத்தறதுக்கே ஒத்தடம். உன்ற அஞ்சு மலைத் திட்டத்துக்கு ஆஸ்பத்திரியில இப்பவே கட்டில் சொல்லி வெச்சிரட்டுமா?" என்பார். அதான் நர்ஸைக் கூடவே கூட்டிக்கொண்டு போகிறேனே என்று நானும் விடாமல் பதில் சொல்வேன்.

உடைதான் பெரிய விவாதம். சேலையில் ஐந்து மலை ஆகாது. ரைட்டரின் பழைய காக்கிக் கால்சட்டைகளைப் பிரித்து, அக்கா மூன்று பேருக்கும் தைத்துக் கொடுத்தார். போட்டுப் பார்த்தபோது நாங்கள் ஃபாரஸ்ட் கார்டுகள் மாதிரி இருந்தோம். ஆனால் அந்தக் காலத்தில் டீச்சர் ஒருத்தி காக்கிக் கால்சட்டையோடு கடைவீதியில் நடந்தால் திங்கட்கிழமை தலைமையாசிரியை முன்னால் நிற்க வேண்டியிருக்கும். ஆகவே கால்சட்டைக்கு மேல் சேலை கட்டிக்கொண்டு கிளம்புவது, எஸ்டேட் கேட் தாண்டியதும் சேலையை அவிழ்த்துப் பையில் வைப்பது என்று முடிவு செய்தோம். யாராவது கேட்டால் கல்யாணத்துக்குப் போகிறோம் என்று சொல்ல வேண்டும்.

மழைக்காலம் போய், பொங்கல் போய், மாசி பிறந்த பிறகு ஒரு சனிக்கிழமை விடியற்காலையில் கிளம்பினோம். பட்டுச்சேலை மாதிரி ஏதோ ஒன்று, அதற்குக் கீழே கேன்வாஸ் ஷூ, மேலே ஸ்வெட்டர், ஆளுக்கு ஒரு மூட்டை. சிஸ்டருக்கு அன்று ராத்திரி டூட்டி இருந்தது. சாயங்காலத்துக்குள் திரும்பிவிடுவோம் என்று நான் வாக்குக் கொடுத்திருந்தேன். தெருமுனை தாண்டுவதற்குள் பால்காரர் ஒருவர் சைக்கிளை நிறுத்திவிட்டார்.

"ஏனுங்க டீச்சர், வெடியால எங்கீங்க கெளம்பிட்டீங்க?"

"கல்யாணத்துக்குங்க. கிளியூர்ல."

"கிளியூர்லயா? நா கிளியூர்தானுங்களே. எந்த ஊட்டுலீங்க கல்யாணம்?"

நான் ஸ்வெட்டர் பொத்தானைத் திருகினேன். சிஸ்டர் தலையைக் குனிந்துகொண்டாள். அக்கா மட்டும் அசராமல், "நம்ம சொந்தக்காரங்கதானுங்க, உங்களுக்குத் தெரியாது" என்றார். பால்காரர் விடவில்லை. "கிளியூருக்கு அந்தப் பக்கமுல்லீங்க போகோணும்?" என்று கை காட்டினார். வேறு வழியில்லாமல் அவர் கண் மறையும்வரை கிளியூர்ப் பாதையில் நடந்துவிட்டுத் திரும்பி வந்தோம். முதல் மலையை ஆரம்பிக்கும் முன்பே எனக்கு வியர்த்துவிட்டது.

கேட் தாண்டி, சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே சேலைகளை மடித்து வைத்துவிட்டு ஏறத் தொடங்கினோம். அக்கா முன்னால் போனார். அவருக்கு மூச்சே வாங்கவில்லை. காப்பித் தோட்டம் முடிந்து உண்ணிச்செடிப் புதர் ஆரம்பித்த இடத்திலேயே என் நெஞ்சு தம்பட்டம் அடித்தது. நிற்க வேண்டும் என்று சொல்ல வெட்கம். அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். ஒரு பாறையைத் தட்டி, "இதப் பாருங்க, கோடிக்கணக்கான வருஷத்துக்கு முந்தின பாறை" என்று பாடம் எடுக்க ஆரம்பித்தேன். மூச்சு சீராகும்வரை பாறையின் வரலாறு நீளும். கொஞ்சம் மேலே போனதும் மண்ணின் நிறம். அதற்கு மேலே காற்றின் திசை. நாலாவது பாடத்தின்போது சிஸ்டர் ஒன்றும் சொல்லாமல் என் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள்.

"பேசாதீங்க டீச்சர். உக்காந்துக்குங்க. பாடம் பொறவு நடத்திக்கலாம்."

உச்சிக்குப் போனபோது சுற்றிலும் மூடுபனி. நான் ஜன்னலிலிருந்து தினமும் பார்த்த பாறை, பக்கத்தில் போனால் எங்கள் வீட்டைவிடப் பெரிதாக இருந்தது. அதைத் தொட்டுக்கொண்டு நின்றேன். ஏறிவிட்டேன் என்ற பெருமையில் கண் கலங்கியது. அதை மறைக்க மூட்டையிலிருந்து வரைபடத்தை எடுத்து விரித்தேன்.

"இப்ப வடக்கே பாத்தா கழுதைமுதுகு தெரியும். இறங்கி ஏறினா அரை மணி நேரம்தான்."

பனி மெல்ல விலகியது. வடக்கே கழுதைமுதுகு இல்லை. பள்ளம்தான் இருந்தது. வரைபடத்தைத் திருப்பிப் பிடித்துப் பார்த்தேன். மேற்கே பார்த்தேன். அங்கும் இல்லை. நாங்கள் நின்ற இடத்திலிருந்து தரை கொஞ்சம் தாழ்ந்து, மறுபடி எழும்பி, இன்னொரு சின்ன மேடாகப் போயிற்று. சிஸ்டர் அந்த மேட்டின் ஓரத்துக்கு நடந்துபோய்க் கீழே எட்டிப் பார்த்தாள்.

"டீச்சர், இங்க வாங்களேன்."

போனேன். கீழே நேர் எதிரில் ஆஸ்பத்திரியின் சிவப்புத் தகரக் கூரை தெரிந்தது. அதை ஒட்டி அவளுடைய குவார்ட்டர்ஸ். கொடியில் அவள் காயப்போட்டிருந்த வெள்ளை யூனிஃபார்ம்கூடத் தெரிந்தது.

"நா தெனமும் அந்த வாசல்ல நின்னுதானுங்க பாப்பேன்" என்றாள். பிறகு மிகவும் மரியாதையாக, "நாம நிக்கறதே கழுதைமுதுகுதானுங்க போல இருக்குது" என்றாள்.

நான் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. கோணம், நிழல், பார்வைப் பிழை என்று என்னென்னவோ சொன்னேன். மறுபக்கம் ஓடிப்போய்ப் பார்த்தேன். அங்கே எங்கள் பள்ளியும் ஆசிரியர் அறை ஜன்னலும் தெரிந்தன. ஒரே மலையை இரண்டு பக்கத்திலிருந்து பார்த்துவிட்டு, எது உயரம் என்று ஒரு மழைக்காலம் முழுக்கச் சண்டை போட்டிருக்கிறோம். அதில் ஒருத்தி பட்டம் வாங்கிய புவியியல் ஆசிரியை.

அக்கா அவித்த முட்டையை உரித்தபடி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அதுக்கு ஏஞ்சாமி மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கறே? ஒரே ஏத்தத்துல ரெண்டு மலை ஆயிப்போச்சு. நல்லதுதானே?" என்றார்.

சிஸ்டர் அப்போதுதான் சிரித்தாள். முதலில் தோள் குலுங்கியது, பிறகு சத்தம் வந்தது, பிறகு புல்லில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். நாலு வருஷப் பழக்கத்தில் அவள் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. கொஞ்ச நேரம் விறைப்பாக நின்று பார்த்தேன். முடியவில்லை. நானும் உட்கார்ந்துவிட்டேன்.

அங்கிருந்து சேர்வராயன் மலைக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. பாதி வழியிலேயே என் வலது முழங்கால் மடங்க மறுத்துவிட்டது. கோயிலுக்குப் பக்கத்தில் ஆட்கள் இருந்ததால், கால்சட்டைக்கு மேல் மறுபடி சேலையைச் சுற்றிக்கொண்டோம். குகைக்குள் இருக்கும் கோயில் அது. கூரை தாழ்வு, குனிந்துதான் போக வேண்டும். அவர்கள் இருவரும் வெளியே நிற்க, நான் குனிந்து உள்ளே போனேன். சாமி கும்பிட்டுத் திருநீறு வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். வெளியே வந்த பிறகும் குனிந்தே இருந்தேன். நிமிர முடியவில்லை. பூசாரி அதைப் பக்தி என்று நினைத்து இன்னொரு தரம் திருநீறு கொடுத்தார். சிஸ்டர் வந்து இடுப்பில் ஒரு கையும் முதுகில் ஒரு கையும் வைத்து என்னை நிமிர்த்தினாள்.

சாப்பிட உட்கார்ந்தோம். புல்வெளி நீண்டு போய் விளிம்பில் வானமாக முடிந்தது. கீழே வெகு தூரத்தில் சமவெளி, புகை படிந்த கண்ணாடி வழியாகப் பார்ப்பது மாதிரி தெரிந்தது. புளிச்சோற்றைப் பிரித்து எங்களுக்கு வைத்துவிட்டு, அக்கா தான் சாப்பிடாமல் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க்கா?" என்றேன்.

"ஒண்ணுமில்ல கண்ணு. எஸ்டேட் பெரிய பங்களாவுக்கு விருந்தாளுங்க வந்தா இங்கதான் பிக்னிக் வருவாங்க. கோழி வறுத்து, கட்லெட் போட்டு, நாந்தான் கட்டிக் குடுப்பேன். எத்தன வருசம், எத்தன கேரியர் போயிருக்குது இந்த எடத்துக்கு. காலி கேரியர் கழுவறப்பல்லாம் நெனப்பேன், எப்படி இருக்கும் அந்த எடம்னு." புல்லை ஒரு கையால் தடவிவிட்டு, "நொம்ப நல்லா இருக்குதே" என்றார்.

அக்கா பிறகு சாப்பிட்டார். கையைக் கழுவிவிட்டு, காலை நீட்டிப் புல்லில் படுத்தேவிட்டார். நாலாவது மலைக்குக் கிளம்ப வேண்டிய நேரம் வந்தது, போயிற்று.

அப்போது நான் செய்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. சிஸ்டரைத் தனியாகக் கூப்பிட்டு, தாழ்ந்த குரலில், "பாவம் அக்கா, ஆசையா இருக்காங்க. அவங்களுக்காக மத்த ரெண்டு மலையையும் விட்டுடலாமா? எனக்கு ஒண்ணும் இல்ல, நான் ஏறிடுவேன்" என்றேன். சிஸ்டர் என் வலது முழங்காலைப் பார்த்தாள். சேலைக்கு மேலேயே தெரியும்படி அது பன் அளவுக்கு வீங்கியிருந்தது. "சரிங்க டீச்சர், அக்காவுக்காக" என்றாள் முகம் மாறாமல்.

வெயில் தாழ்ந்ததும் மெதுவாக பஸ் ரோட்டுக்கு இறங்கினோம். மாரமங்கலம் பக்கமிருந்து ஏற்காடு வழியாகச் சேலம் போகும் பஸ் வந்தது. கடைசி ஸீட் காலியாக இருந்தது. ஏற்காட்டுக்கு டிக்கெட் வாங்கி உட்கார்ந்தோம். யார் முதலில் தூங்கியது என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. அக்காவின் தோளில் நான் சாய்ந்தது வரைக்கும் எனக்கு நினைவிருக்கிறது.

யாரோ கம்பியைத் தட்டும் சத்தம் கேட்டுக் கண் விழித்தேன். கண்டக்டர் குனிந்து நின்றார். ஜன்னலுக்கு வெளியே ஒரே இரைச்சல், வெக்கை, வெள்ளரிக்காய் விற்கும் குரல்.

"எந்திரிங்க டீச்சர். சேலம் வந்துருச்சுங்க."

ஏற்காட்டில் பஸ் நின்றிருக்கிறது. கூட்டம் ஏறி எங்களை மறைத்துவிட்டது. சேலத்துக்குப் போகிறவர்கள் என்று கண்டக்டரும் விட்டுவிட்டார். இருபது கொண்டை ஊசி வளைவிலும் பஸ் திரும்பித் திரும்பி இறங்கியிருக்கிறது. மூன்று பேரில் ஒருத்திகூட அசையவில்லை. நாளெல்லாம் எலும்பு நோக ஏறிய உயரம் முழுவதையும் தூக்கத்தில் இறங்கிவிட்டிருந்தோம்.

சேலத்தில் ஸ்வெட்டர் போட்டிருந்தவர்கள் நாங்கள் மூன்று பேர்தான். தலையில் உண்ணிச்செடியின் இலை, சேலைக்குக் கீழே காக்கி, ஷூவில் செம்மண். பஸ் ஸ்டாண்டே எங்களைப் பார்த்தது. சிஸ்டர் முகம் வெளுத்து, "எனக்கு டூட்டி இருக்குதுங்களே" என்றாள். அதே பஸ்தான் உடனே மேலே திரும்புகிறது என்று கண்டக்டர் சொன்ன பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. ஓடிப்போய் மறுபடி ஏறினோம். இரண்டு ஸீட் காலியாக இருந்தன. நான் உட்காரப் போனேன். கண்டக்டர் கையை நீட்டித் தடுத்துவிட்டார்.

"வேண்டாமுங்க டீச்சர், நின்னுக்கிட்டே வாங்க. உக்காந்தா மறுக்காவும் மாரமங்கலம் போயிருவீங்க."

பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். மூன்று பேரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இருபது வளைவும் நின்றுகொண்டே ஏறினோம். ஒவ்வொரு வளைவிலும் என் முழங்கால் ஒரு சத்தம் போட்டது. அக்கா மட்டும் ஜன்னல் பக்கம் குனிந்து, கீழே ஒவ்வொன்றாக எரியத் தொடங்கிய சேலத்து விளக்குகளைக் காட்டிக்கொண்டே வந்தார். அவருக்கு அதுவும் சுற்றுலாவில் சேர்த்திதான்.

சிஸ்டர் ஆஸ்பத்திரி வாசலிலேயே இறங்கி, டூட்டிக்குச் சரியான நேரத்தில் போய்ச் சேர்ந்தாள். பஸ்ஸில் தூங்கிய தூக்கத்தில் அன்று வார்டில் தன்னைவிடத் தெளிவாக யாரும் இல்லை என்று மறுநாள் சொன்னாள். என் கணவர் பஸ் ஸ்டாண்டில் டார்ச்சோடு நின்றிருந்தார். கேலி ஏதோ தயாராக வைத்திருந்தார் என்பது முகத்திலேயே தெரிந்தது. நான் படியிலிருந்து இறங்கிய விதத்தைப் பார்த்ததும் அதை விழுங்கிவிட்டு மூட்டையை வாங்கிக்கொண்டார்.

அடுத்த வாரம் முழுக்க உட்கார்ந்தபடியே பாடம் நடத்தினேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து அக்கா என்னைப் பார்க்க வந்தார். நான் கட்டிலில், இரண்டு காலையும் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு கிடந்தேன்.

"மிச்சம் ரெண்டு மலை இருக்குதே கண்ணு. எப்பப் போலாம்?"

"பரீட்சை முடியட்டுங்க்கா" என்றேன்.

பரீட்சை முடிந்தால் அவர் மறந்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் மறக்கவில்லை. சித்திரையில் போனோம். அந்த இரண்டில் ஒன்றுதான் ஏற முடிந்தது. திரும்பி வரும் பஸ்ஸில் ஆள் மாற்றி ஆள் விழித்திருந்தோம்.